டுரியான் தோட்டத்துக்கு மின்சாரம்

குளுவாங் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழம் விழும் பருவத்தில் இரவெல்லாம் குடிசையில் காவல் இருக்கிறாராம். மின்கம்பம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் சத்தமும் பெட்ரோல் செலவும் தாங்கவில்லை. சோலார் பேனலும் சிறு காற்றாலையும் வாங்கித் தானே பொருத்தலாமா என்று கேட்கிறார்.

ஐயா, சோலார் தாராளமாகப் பொருத்தலாம். காற்றாலைக்கு ஒதுக்கிய பணத்தைப் பேட்டரியில் போடுங்கள்.

400 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதே என்பீர்கள். அந்த 400 வாட், காற்று விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அடித்தால் கிடைப்பது. காற்றின் வேகம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். வேகம் கால்வாசியானால் 64இல் ஒரு பங்கு. நம் தீபகற்பத்தின் உட்பகுதியில் விநாடிக்கு 3 மீட்டர் காற்று வீசினாலே நல்ல காற்று. அப்போது உங்கள் 400 வாட் காற்றாலை தருவது சுமார் 6 வாட். அதுவும் இறக்கை சுழன்றால்தான். சுற்றிலும் டுரியான் மரங்கள் வேறு. கிழக்குக் கரையோரம் வடகிழக்குப் பருவக்காற்றில் இதன் கணக்கு வேறு. குளுவாங்கில் வேண்டாம்.

கணக்கைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே போட்டுவிடுங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 6 மணி நேரம்: 108 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி 8 மணி நேரம்: 200. கைப்பேசிக்கு 20. ஆக இரவுக்குச் சுமார் 330. நம் நாட்டில் பேனலுக்கு முழு வெயில் கணக்கில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் கிடைக்கும். சூடு, தூசி, கம்பியில் போகும் இழப்பு எல்லாம் கழித்தால் 130 வாட் பேனல் போதும் என்று வரும். மழை மூட்டத்துக்காக 200 வாட்டாக வாங்குங்கள். பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் மூன்று இரவு தாங்கும். பழைய ஈய-அமில பேட்டரி மலிவுதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும்.

விளக்கு, விசிறி இரண்டையும் 12 வோல்ட்டிலேயே வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டரே வேண்டாம். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினேன். கையில் இருந்தது விளக்குக்கு இழுக்கும் மெல்லிய கம்பி. ஃபியூஸ் அடுத்த வாரம் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மின்தடை. மருமகன் சோறு பொங்கும் குக்கரைக் கொண்டுபோய் அதில் செருகினார். 600 வாட் குக்கர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியின் உறை உருகிச் சொட்டியது. அதற்கு இரண்டடி தள்ளித்தான் பேத்தி பாயில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். மருமகன் செருகியைப் பிடுங்கினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தவன் நான். அன்று யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஆகவே, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலருக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி. பேனலிலிருந்து வரும் கம்பியும் அதே தடிமன் இருக்கட்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வெயில் இருக்கும்வரை பேனலுக்கு மின்சாரத்தை நிறுத்தும் வித்தை கிடையாது, ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பேனலை மரத்தடியில் வைக்காதீர்கள். ஓரத்தில் ஒரு வாழை இலை நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். இரண்டு கிலோ டுரியான் விழுந்தால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டவெளியில், தெற்கு நோக்கி, சுமார் 10 பாகை சாய்வாக நிறுத்துங்கள். தட்டையாகப் போட்டால் மழை கழுவாது, அழுக்கு தங்கிவிடும்.

வீட்டுக் கூரையிலும் இப்படியே செய்யலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். தெனாகா இணைப்புள்ள வீட்டில் கூடாது. அது பதிவுபெற்ற நிறுவனத்தின் வேலை, அனுமதியும் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பேட்டரி இல்லாமல் தெனாகாவோடு இணைத்த சோலார், தெருவில் மின்தடை வந்தால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது உங்கள் கூரை மின்சாரம் பாயக்கூடாதல்லவா?

குளுவாங் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. கண்ட்ரோலர் பெட்டியில் கம்பி நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் பசை போட்டு அடைத்துவிடுங்கள். பல்லிக்கு அந்த இளஞ்சூடு மிகவும் பிடிக்கும்.