கியர் விழ மாட்டேன் என்கிறதா? முதலில் புஷ்ஷைப் பாருங்கள்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் கரையான்சாவடிப் பக்கம் அந்தக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. பழைய கார் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தத் தடவை ஒரு சின்ன சாமான் பற்றிச் சொல்கிறேன்.

கியர் லீவர் லொடலொடவென்று ஆடும். முதல் கியர் என்று போட்டால் மூன்றாவதில் விழும். ரிவர்ஸ் விழவே விழாது. ஆவடி ரோடு பிரியும் சந்திப்பில், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கும்போது இப்படி ஆனால் கை கால் உதறிவிடும். எங்கள் காரைப் பார்த்த ஒரு பட்டறையில், "கியர் பாக்ஸையே இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மெக்கானிக் தம்பி அடியில் பார்த்துவிட்டு, "புஷ்தான் போயிருக்கு அக்கா" என்றார். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது.

லீவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே காரின் அடியில் ஒரு நீளக் கம்பி போகிறது. அது இணையும் இடங்களில் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ சின்ன வளையம் இருக்கும். அதுதான் புஷ். சூட்டிலும் தூசியிலும் அது தேய்ந்துவிட்டால், நம் கை அசைவு முழுசாக கியர் பாக்ஸுக்குப் போய்ச் சேராது.

கண்டுபிடிப்பது எப்படி? எஞ்சினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரவென்றால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். இரண்டு சமயமும் லீவர் தளர்ந்து ஆடினால் புஷ் மேல்தான் முதல் சந்தேகம்.

பழைய புஷ் லேசில் வராது. துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். கழற்றுமுன் கம்பி இருந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால், திரும்ப மாட்டும்போது இடம் மாறாது. சுத்தியலால் அடித்தால் கம்பி வளைந்துவிடும். அதனால் புஷ்ஷை மட்டும் பிளேடால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். புதிய பிளாஸ்டிக் புஷ்ஷைச் சில நிமிஷம் வெந்நீரில் போட்டால் இளகிக் கொடுக்கும். ரப்பர் என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

ஒன்று முக்கியம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கல்லும் வைக்க வேண்டும். சைலன்சர் குழாய் ஆறிய பிறகே கை வைக்கலாம்.

வேலை முடிந்ததும் பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது, எதற்குக் காசு கொடுத்தோம் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே!