0.47 சதவீதக் கணக்கு

பருவநிலை மாற்றம் பற்றி நம்ம கூட்டங்களில் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார்: "நாமளும்தானே டீசல் மோட்டார் ஓட்டுறோம், டிராக்டர் விடுறோம். இதுல யாரைக் குத்தம் சொல்றது?" எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முப்பது வருஷம் வங்கியில் கடன் கணக்கு பார்த்தவன் நான். ஐயாயிரம் ரூபாய் நகைக்கடன் வாங்கினவரும் கடன்காரர்தான், ஐந்நூறு கோடி வாங்கினவரும் கடன்காரர்தான். அதற்காக இரண்டு நிலுவையையும் கூட்டி ஆளுக்குப் பாதி என்று எந்த மேலாளரும் எழுத மாட்டார்.

புகைக்கும் பேரேடு இருக்கிறது. அதை எழுதியவர் ரிச்சர்ட் ஹீடி என்ற அமெரிக்க ஆய்வாளர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் நிறுவனங்கள் எந்த வருஷம் எவ்வளவு உற்பத்தி செய்தன என்று பழைய ஆண்டறிக்கைகளைத் தேடித்தேடி எடுத்துக் கூட்டினார். 2013ல் கணக்கு வெளியானது. 1751 முதல் 2010 வரை உலகத் தொழில்துறையால் காற்றில் கலந்த கரியமில வாயு, மீத்தேன் இவற்றில் 63 சதவீதம் வெறும் 90 நிறுவனங்களின் சரக்கிலிருந்து வந்தது. செவ்ரான், எக்ஸான்மொபில், சவுதி அராம்கோ, ஷெல் எல்லாம் அதில் உண்டு. நம்ம கோல் இந்தியாவும் உண்டு. அதை மறைத்துவிட்டு வெளிநாட்டானை மட்டும் திட்டுவது நேர்மை ஆகாது. தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இந்த ஆபத்தைப் பற்றி எக்ஸான் மேலதிகாரிகளுக்கு அவர்களுடைய சொந்த விஞ்ஞானியே 1977ல் எடுத்துச் சொல்லிவிட்டார்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் படி ஏறியவர் ஒரு விவசாயி. பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையில் இருக்கும் ஹுவாராஸ் ஊர்க்காரர், சவுல் லூசியானோ யூயா. மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் வேலை பார்க்கிறார். ஊருக்கு மேலே பால்காகோச்சா என்று ஒரு ஏரி. 1941ல் அது உடைந்து குறைந்தது 1,800 பேர் செத்துப்போனார்கள். பனியாறு உருகி உருகி, 1970களில் இருந்ததைப்போல முப்பது மடங்குக்கு மேல் தண்ணீர் அதில் சேர்ந்துவிட்டது. மேலிருந்து ஒரு பனிப்பாறை சரிந்து உள்ளே விழுந்தால் மறுபடி ஊருக்குள் வெள்ளம்தான்.

2015 நவம்பரில் அவர் ஜெர்மனியின் எஸ்ஸன் நகர நீதிமன்றத்தில் ஆர்.டபிள்யூ.இ. என்ற மின் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஜெர்மன்வாட்ச் என்ற அமைப்பு துணை நின்றது. கேட்ட தொகையைப் பாருங்கள். ஹீடியின் கணக்குப்படி உலகத் தொழில்துறைப் புகையில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம். ஊரைக் காப்பாற்ற ஆகும் செலவில் அந்த 0.47 சதவீதத்தைக் கொடு, போதும் என்றார். சுமார் 17,000 யூரோ. கோடி கோடியாக நஷ்டஈடு கேட்டிருந்தால் பேப்பரில் பெரிசாக வந்திருக்கும். உன் பங்கு எதுவோ அதை வை என்று கேட்டதால்தான், "எல்லாரும்தானே புகை விடுறோம்" என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை. சட்டமும் ரொம்பப் பழையது. பக்கத்துக்காரன் செய்கையால் என் சொத்துக்குக் கெடுதல் வந்தால் அவன்தான் தடுக்க வேண்டும் என்கிற, ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 1004ஆம் பிரிவு. நம்ம ஊர் வரப்புத் தகராறு மாதிரிதான்.

2016ல் தள்ளுபடி. 2017ல் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியம் எடுக்கச் சம்மதித்தது. 2022ல் நீதிபதிகளே பெருவுக்குப் போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28ல் தீர்ப்பு: அடுத்த முப்பது வருஷத்தில் அவர் வீட்டுக்கு வெள்ளம் வர வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான், அது போதாது என்று வழக்கைத் தள்ளினார்கள். ஆனால் பெரிய அளவில் புகை விட்ட நிறுவனத்தை இந்தச் சட்டப்படி பொறுப்பாக்கலாம், தூரம் ஒரு தடை இல்லை என்று அதே தீர்ப்பில் எழுதியும் வைத்தார்கள். பத்து வருஷம் அலைந்து பைசா கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். என் பார்வையில், கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இந்த ஒரு ரசீது மட்டும் தேறவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அந்த ரசீதைத்தான். ஊருக்கே ஆபத்து என்பது போதவில்லை, உன் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டார்கள். (நம்ம பயிர்க் காப்பீடு பெரும்பாலும் நேர் எதிர்: மகசூல் இழப்புக்குக் கிராமத்துச் சராசரியைப் பார்ப்பான், உங்க வயலைப் பார்க்க மாட்டான்.) பெல்ஜியத்தில் மாடு வளர்க்கிற விவசாயி ஒருவர் 2024ல் டோட்டல்எனர்ஜிஸ் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். அவர் கேட்பது 2016 முதல் 2022 வரை வறட்சி மாதிரியான சீற்றங்களால் தன் பண்ணைக்கே நேர்ந்த நஷ்டத்தை. நம் உச்ச நீதிமன்றமும் 2024ல், கானமயில் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கெடுதலிலிருந்து காக்கப்படுவது அடிப்படை உரிமை என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கு இங்கே ஒருவர் போய் நின்றால் கையில் என்ன கொண்டுபோவார்? "போன வருஷம் பூ எல்லாம் கொட்டிப்போச்சுங்க" என்பது சாட்சியம் இல்லை.

அதனால் என் யோசனை இது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு மழைமானி வையுங்கள். தினம் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். விதைத்த தேதி, ரகம், பூத்த தேதி, எந்த மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, அறுத்த எடை எல்லாம் நோட்டில் ஏறட்டும். சேதம் வந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். ஜீவாமிர்தம் ஊற்றின நாளை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரு வயல் நோட்டை வைத்து எந்த நிறுவனத்தையும் மடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நூறு வயலில் பத்து வருஷ நோட்டு இருந்தால், விஞ்ஞானிகளும் வக்கீல்களும் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

நோட்டுகளை வருஷத்துக்கு ஒருமுறை நகல் எடுத்து வட்டாரத்தில் ஒருவர் பத்திரமாக வைக்க வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு நான் தயார். அறுவடை முடிந்ததும் நகல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.