பாய்மரம் இழந்த கப்பலும் திரும்பி வந்த மகனும்



திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவை உங்களில் பலர் அறிவீர்கள். மகாவலி கங்கை கடலோடு கலப்பதும் மூதூர் அமைந்திருப்பதும் அக்குடாவின் கரையில்தான். புயலில் சிதைந்து அங்கே அடைக்கலம் தேடி வந்த ஒரு சிறிய சரக்குக் கப்பலின் வரலாற்றை, நம் குடும்பங்களை மனத்திற்கொண்டு இன்று சிந்திப்போம்.

அக்கப்பலின் பெயர் 'ஆன்'. ஏறத்தாழ 230 தொன் கொள்ளளவுடைய அந்தப் பாய்க்கப்பல், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் இருந்தது. 1659 நவம்பர் 19ஆம் நாள் அது மசூலிப்பட்டினத் துறையில் நின்றபோது பெரும்புயல் வீசியது. பல கப்பல்கள் அழிந்தன. 'ஆன்' கப்பலின் மாலுமிகள் தங்கள் உயிரைக் காக்கப் பெரிய பாய்மரத்தைத் தாங்களே வெட்டி வீழ்த்தினர். மரமிழந்த கப்பலால் பயணத்தைத் தொடர இயலவில்லை. புதிய பாய்மரம் நாட்டவும் ஏனைய பழுதுகளைத் திருத்தவும் அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. தங்கும் நாட்களில் வணிகமும் நடக்கட்டும் என்று துணிச்சரக்கும் ஏற்றப்பட்டது.

புயலுக்குத் தப்பியவர்களுக்குக் கரையில் வேறொரு துன்பம் காத்திருந்தது. 1660 ஏப்ரல் 4ஆம் நாள், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸையும் கரையிறங்கிய தோழர்களையும் சிறைப்பிடித்தனர். தந்தையின் பெயரையே தாங்கிய பத்தொன்பது வயது மகனும் அகப்பட்டார். அடுத்து, கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று மன்னனின் அதிகாரி விரும்பினான். அக்கட்டளையைச் சொல்ல மகன் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். தன்னைக் கைவிடாமல் திரும்பி வரவேண்டும் என்று தந்தை கேட்டுக்கொண்டார். மகனும் உறுதி கூறிச் சென்றார்.

அன்புக்குரியவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். அந்த இளைஞர் இப்போது தம் சொந்தக் கப்பலின் தளத்தில் நிற்கிறார். முன்னே திறந்த கடல், பின்னே சிறை. 'நான் ஒருவன் திரும்பிச் செல்வதால் தந்தை விடுதலை பெறுவாரா?' என்று அவர் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் அவர் செய்தது வேறு. கப்பலில் இருந்தோருக்கு ஆபத்தை எடுத்துரைத்து, அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். கப்பலைக் கொண்டுவர மாட்டோம் என்று அவர்கள் எழுதிய மடலைக் கையில் எடுத்துக்கொண்டு, கனத்த நெஞ்சோடு தந்தையிடம் திரும்பினார். தந்தைமீது கொண்ட அன்புக்காக மற்றவர்களைப் பலிகொடுக்கவில்லை. தன்னுயிர்மீது கொண்ட ஆசைக்காகத் தந்தையைக் கைவிடவும் இல்லை. அன்பின் விலையைத் தாமே செலுத்தினார்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தையும் நினைத்துப் பாருங்கள். புனித பவுல் பயணம் செய்த தானியக் கப்பலில் 276 பேர் இருந்தனர். புயலில் சரக்கு எறியப்பட்டது. கப்பலின் கருவிகள் எறியப்பட்டன. இறுதியில் கோதுமையும் எறியப்பட்டது. இவற்றையெல்லாம் இழப்பதைப் பவுல் தடுக்கவில்லை. ஆனால் நங்கூரம் இறக்குவதாகப் பாசாங்கு செய்து, மாலுமிகள் சிறு படகில் தப்பியோட முயன்றபோது மட்டும் அவர் குரல் கொடுத்தார். இவர்கள் கப்பலில் இராவிட்டால் எவரும் பிழைக்க முடியாது என்று எச்சரித்தார். படைவீரர்கள் படகின் கயிற்றை அறுத்தனர். கப்பல் உடைந்தது, ஆனால் ஒருவரும் அழியவில்லை. சரக்கை இழக்கலாம், ஒருவரையொருவர் இழக்கக்கூடாது என்பதே அந்த இரவு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

நம் குடும்பங்களும் புயல் கண்டவை. போரும் 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையும் நம் கரையோரத்து இல்லங்களைச் சிதறடித்தன. பிள்ளைகள் கடல் கடந்து சென்றனர். சென்றது குற்றமல்ல, உயிர் காக்கவும் பிழைப்புத் தேடவும் சென்றவர்களைப் பழிப்பது அறமுமல்ல. ஆயினும், 'அடுத்த திருவிழாவுக்கு வருகிறேன் அம்மா' என்று சொன்ன வாக்கு எத்தனை வீடுகளில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறது? மாதந்தோறும் பணம் தவறாமல் வருகிறது. மகனின் குரல் வருவதில்லை. கடல் கடக்காமல் அடுத்த தெருவிலேயே வசித்தும், படுக்கையிலிருக்கும் தந்தையை எட்டிப் பாராதவர்களும் நம்மிடையே உண்டு. பணம் சரக்கைப் போன்றது, தேவையானதுதான். ஆனால் முதுமையில் பெற்றோர் தேடுவது திரும்பி வரும் காலடியோசையை அல்லவா?

'திரும்பியதால் அந்த மகன் கண்ட பயன் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். உலகக் கணக்கில் ஒன்றுமில்லை. கப்பல் அவர்களை விட்டுப் புறப்பட்டது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை காய்ச்சலால் இறந்தார். தாமும் நோயுற்றிருந்த மகன் பெரும்பாடுபட்டு அவரை அடக்கம் செய்தார். அதன்பின் 1679 ஒக்டோபரில் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றடையும் வரை, மொத்தம் பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாய்க் கழித்தார். ஆனால் அந்தத் தந்தை அந்நிய மண்ணில் அனாதையாய்ச் சாகவில்லை. கண்களை மூடும் வேளையில் அருகில் மகன் இருந்தார். இதை எந்தத் தராசில் நிறுப்பது?

தனிமையில் வாடிய அந்த மகனையும் இறைவன் மறக்கவில்லை. ஒருநாள் அவர் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவரிடமிருந்த ஆங்கிலத் திருவிவிலியம் ஒன்று அவர் கைக்கு வந்தது. பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றார். விரித்தபோது முதலில் கண்ணிற்பட்ட பகுதி, மீட்படையத் தாம் செய்யவேண்டியது என்னவென்று சிறைக்காவலர் பவுலிடம் கேட்கும் இடம் என அவரே 1681இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். சிறைக்கதவு அன்று திறக்கவில்லை. ஆனால் சிறைக்குள் இறைவார்த்தை வந்து சேர்ந்தது.

நம் ஆண்டவரும் அவ்வாறே செய்தார். விண்ணகத்தின் பாதுகாப்பில் இருந்தவர், புயலில் தத்தளித்த நம் படகுக்குள் இறங்கி வந்தார். சிலுவையிலிருந்து இறங்கி வரும்படி ஏளனம் செய்தபோதும் நம்மை விட்டு இறங்கிப் போகவில்லை. அன்னை மரியாவும் அச்சிலுவையடியை விட்டு அகலவில்லை.

ஆகவே, இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வருகைக்காகக் காத்திருப்பவர் யார் என்று செபத்தில் கேட்டுப்பாருங்கள். பெற்றோராயின், சென்று அவர்கள் அருகில் அமருங்கள். தொலைவில் இருப்பின், அவசரமின்றிப் பேசுங்கள். வருவதாகச் சொன்ன நாளைக் குறித்து, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பிரிந்து வாழும் நம் குடும்பங்கள் அனைத்தையும் கடலின் விண்மீனாம் அன்னை மரியா தம் மகனிடம் சேர்ப்பாராக. ஆமென்.