நிழலில் ஒரு நெருப்பு

சிட்டியில் நம்மில் பலருக்குத் தோட்டம் என்றால், காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள மூன்றடி சந்து. பக்கத்து மாடிக்காரர் வெயிலை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தது போக, காலையில் கொஞ்ச நேரம் சாய்வாக எட்டிப் பார்க்கும். ரோஜா வைத்தால் கோபித்துக்கொண்டு போய்விடும். இந்த இடத்துக்கு என் சிபாரிசு, காந்தள்.

நம்ம மாநிலப் பூ ஸார்! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் பெயரே இதுதான். ஊர்ப்பக்கம் கண்வலிக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்பார்கள். காட்டு ஓரத்துப் புதர் நிழலில் காலை வைத்து, தலையை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டுகிற ஜாதி. இலை நுனியே சுருண்டு, ஜன்னல் கம்பியோ கொடிக் கயிறோ, அகப்பட்டதைப் பிடித்து ஏறும். (ஃபுட்போர்டு ஆசாமிகளுக்கு இந்தக் கலை புரியும்!) பூ பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பு. ஆறு இதழும் மேல்நோக்கி எரிகிற மாதிரி இருக்கும்.

கிழங்கு 'வி' வடிவில் கலப்பை மாதிரி. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளை. ஒடிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். ஆனி, ஆடியில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். தை, மாசியில் செடி காய்ந்து காணாமல் போகும். 'செத்துடுச்சு' என்று தோண்டி எறியாதீர்கள். பழைய கிழங்கு வற்றி, புதுக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கணக்குப் பாஷையில் கேரி ஃபார்வர்டு!

இனி சிரிக்காத பாரா. இந்தச் செடி முழுக்க விஷம்; கிழங்கிலும் விதையிலும் ரொம்ப ஜாஸ்தி. கோல்சிசின் என்று பெயர். கௌட் என்கிற மூட்டு நோய்க்கு டாக்டர்கள் அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தருவது இதைத்தான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஏதோ தின்கிற கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் செத்தவர்கள் உண்டு. தின்றதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி. அதுவரை காத்திராமல், மிச்சமிருக்கும் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கிழங்கைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

"ஏன் தம்பி, வெஷச் செடிய வீட்ல வெக்கலாமா?" என்றார் கீழ் போர்ஷன் அக்கா. அவர் குழந்தை இப்போதுதான் தவழ்கிறது. நியாயமான கேள்வி. சந்துக்குக் கம்பிக் கதவு போட்டு, பூட்டி, சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். இப்போது பூ பார்க்க எனக்கே பர்மிஷன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது.