சிஸ்ட்ரானுக்கு ஒரு மார்க்கு போதுமா?

"சிஸ்ட்ரான் என்பது மரபணுவின் செயல் அலகு." இதை மனப்பாடம் பண்ணி ஒரு மார்க்கு வாங்குன பசங்க நம்ம திருப்பூர்ல வீதிக்கு நாலு பேர் இருப்பாங்க. அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க, முழிப்பாங்க. பசங்க மேல தப்பே இல்லை. சோதனையைத் தூக்கி எறிஞ்சுட்டு விடையை மட்டும் ஊட்டி விடுற படிப்பு மேலதான் என் கோவம்.

கேட்டா, "அதெல்லாம் தமிழ்ல சொன்னாப் புரியாதுங்க"ன்னு ஒரு சால்ஜாப்பு. நம்ம ஊர்க்காரனுக்கா புரியாது?

1950கள். அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகம். சீமோர் பென்சர், இயற்பியல் படிச்ச மனுசன். கையில எடுத்தது ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்குற டி4 வைரஸ். அதுல ஆர்2ங்கிற பகுதி பழுதானா, பி ரக ஈ.கோலையில வைரஸ் வளரும். லாம்டா வைரஸைச் சுமக்குற கே ரகத்துல வளராது. எல்லாப் பழுதுக்கும் இதே அறிகுறிதான். அப்ப எல்லாம் ஒரே மரபணுவோட பழுதா?

ரெண்டு பழுது வைரஸை ஒரே கே செல்லுக்குள்ள விட்டுப் பார்த்தார். சில ஜோடி செல்லை உடைச்சுட்டு வெளிய வந்துச்சு, சில ஜோடி வரலை. ரெண்டு பக்கமும் சேர்த்து வெட்டுப்பட்டதைத் தவிர மத்ததெல்லாம் ஏ, பின்னு ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சுது.

இப்ப ரெண்டு பனியன் கம்பெனியை நினைச்சுக்கோங்க. ரெண்டுலயும் சரக்கு வெளிய போகலை. ஒண்ணுல சாயம் நின்னுபோச்சு, இன்னொண்ணுல தையல். ஒருத்தருக்கொருத்தர் ஜாப் ஒர்க் பண்ணிக்கிட்டா ஆர்டர் கப்பல் ஏறிரும். ரெண்டுலயும் சாயமே நின்னிருந்தா? 2011 ஜனவரியில கோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைங்க மூடுனப்ப பார்த்தோமே, எத்தனை தையல் மிஷின் இருந்து என்ன புண்ணியம்?

ஆனா கவனிங்க, இங்க எந்த மிஷினும் ரிப்பேர் ஆகலை. வெளிய வர்ற வைரஸ் குட்டிகள்ல பெரும்பாலானது அதே பழுதோடதான் வரும். மரபணு மறுசேர்க்கையோட இதைப் போட்டுக் குழப்புற நோட்ஸை எல்லாம் கொளுத்தணும்.

அதைவிடப் பெரிய அநியாயம், சோதனையோட மறுபாதியை முழுங்கிடுறது. ரெண்டு பழுதையும் ஒரே வைரஸ்ல வெச்சு, கூடவே முழுசா நல்ல வைரஸ் ஒண்ணை விட்டா வளரணும். வளர்ந்தாத்தான் அது சும்மா கிடக்குற பழுது, நல்லதையும் சேர்த்துக் கெடுக்குற பழுது இல்லைன்னு தெரியும். இதைப் பார்க்காம "சேர்த்து விட்டும் வளரலை, அதனால ஒரே மரபணு"ன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரே வைரஸ்ல ரெண்டு பழுதும் இருந்தா சிஸ், ஆளுக்கொண்ணா இருந்தா டிரான்ஸ். ரெண்டையும் ஒட்டித்தான் 1957ல பென்சர் சிஸ்ட்ரான்னு பேரு வெச்சார். பேருக்குள்ளயே சோதனை இருக்கு சாமி! நாம பேரை வெச்சுக்கிட்டு சோதனையைத் தொலைச்சுட்டோம்.

"பரீட்சைக்கு வராதே"ன்னு ஒருத்தர் வருவார். அறிகுறி ஒண்ணுங்கிறதால காரணமும் ஒண்ணுன்னு முடிவு கட்டக்கூடாதுங்கிற பாடம், நாளைக்கு டாக்டராகப் போற பிள்ளைக்கு வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னும் சொல்லாதீங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த கே. தர்மலிங்கம் இதே டி4 வைரஸைப் பத்தி, கோல்ட்பெர்க்கோட சேர்ந்து 1976லயே நேச்சர் இதழ்ல எழுதினவர்.

பதிவர் மக்களே, சினிமா விமர்சனத்துக்கு நடுவுல ஆளுக்கு ஒரே ஒரு சோதனையைத் தமிழ்ல எழுதுங்க. விடையை இல்லை, சோதனையை.