தழைச்சத்து உயிரணு: கலைச்சொல்லாக்கம் குறித்த ஒரு கருத்து

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகழ்ந்து குவிக்கப்படும் மேலடுக்கு மண் தழைச்சத்துக் குன்றியது. அம்மண்ணை விளைநிலமாக மீட்பதில், காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருணவாக மாற்றும் நுண்ணுயிர்கள் துணைபுரியக் கூடும். நெய்வேலி நிலக்கரித் தூளே தமிழகத்தில் நுண்ணுயிர் உரங்களைத் தாங்கும் ஊடகமாகவும் பயன்பட்டுள்ளது. இத்தகைய நுண்ணுயிர்களுள் ஒன்றான அனபீனாவை விளக்கும் தமிழ்ச்சொற்கள் போதியனவா என்பது ஆராயத்தக்கது.

அனபீனா, மணிகளைக் கோத்தாற்போன்ற உயிரணுத் தொடராகும். தழைச்சத்துக் குறையும்போது ஏறத்தாழப் பத்து உயிரணுக்களுக்கு ஒன்று வீதம் தடித்த உறை பெற்று, நைட்ரசனை மாற்றும் தொழிலை மேற்கொள்ளுகிறது. அதற்குரிய நொதியை ஆக்சிசன் செயலிழக்கச் செய்யுமாதலின் உறை இன்றியமையாததாகிறது. இம்மாற்றத்தைத் தொடக்குவது, பியூக்கெமா, ஆசல்கோர்ன் ஆகியோர் 1991இல் அறிவித்த ஹெட்ஆர் மரபணு ஆகும். யூன், கோல்டன் ஆகியோர் 1998இல் அறிவித்த பேட்எஸ் மரபணுவின் சிறுபுரதம், அண்டை உயிரணுக்களும் அவ்வாறே மாறிவிடாமல் தடுக்கிறது. மாறிய உயிரணு மீண்டும் பிரிவதில்லை. அண்டை உயிரணுக்களிடமிருந்து சர்க்கரையைப் பெற்று, அவற்றுக்குத் தழைச்சத்தை வழங்குகிறது.

இவ்வுயிரணுவை 'ஹெட்டிரோசிஸ்ட்' என ஒலிபெயர்த்தாலும் 'வேற்றுறை' என நேர்பெயர்த்தாலும் அதன் தொழில் புலப்படாது. 'வேறுபாடடைதல்' என்னும் வழக்கும், மீளவியலாத தொழிற்பிரிவினையை உணர்த்தாமல் வெறும் வேற்றுமையையே சுட்டுகிறது. 'தொழிற்சிறப்படைதல்' என்பது இதனினும் பொருத்தமாகும்.

உழவர் வழக்கிலுள்ள 'தழைச்சத்து' இங்குக் கைகொடுக்கும். காற்றில் உள்ளது நைட்ரசன்; பயிர் ஏற்கும் வடிவுற்றதே தழைச்சத்து. வேளாண் துண்டறிக்கைகள் 'காற்றிலுள்ள தழைச்சத்து' என எழுதுவது இவ்வேறுபாட்டை மறைக்கிறது. இரு சொற்களையும் பிரித்தாண்டால், 'நிலைநிறுத்தம்' எனப்படும் வினையைத் 'தழைச்சத்தாக்கம்' எனவும், அதனைச் செய்வதைத் 'தழைச்சத்து உயிரணு' எனவும் வழங்கலாம்.

உலகப் பொதுச்சொல்லை விடுத்தால் மாணவர் மேற்படிப்பில் இடர்ப்படுவர் என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அது மரபணுப் பெயர்களுக்கே முழுதும் பொருந்தும். அவை ஒலிபெயர்ப்பாகவே நிற்கலாம். வினையையும் தொழிலையும் குறிக்கும் சொற்கள் தமிழில் அமைந்தால், ஆய்வுக்கூடத்தின் முடிவைக் கடலூர் மாவட்டத்து நெல் உழவரும் தம் சொல்லாலேயே வினவ இயலும். ஆதலின் கலைச்சொல் தொகுப்போர் அகராதியோடு வயல் வழக்கையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.