மாப்பிள்ளைக்கு லோடு வண்டியா?

நம் நாட்டில் இன்றைக்கு மிகவும் மலிந்துபோன சொல் 'கனவு' என்பதுதான். வீடு விற்கிறவன் 'உங்கள் கனவு இல்லம்' என்கிறான். கார் விற்கிறவன் 'உங்கள் கனவு வாகனம்' என்கிறான். கடன் கொடுக்கிறவன் ஒரு படி மேலே போய், கனவுக்கு வட்டி எத்தனை சதவிகிதம் என்று அச்சடித்தே கொடுத்துவிடுகிறான். தூக்கத்தில் இலவசமாக வந்துகொண்டிருந்த சமாசாரத்துக்கு மாதத் தவணை கட்டுகிற காலம் வந்திருக்கிறது.

வியாபாரிகள் மீது எனக்குக் கோபமில்லை. வியாபாரி வியாபாரம்தான் செய்வான். ஆனால் படித்தவர்களும், நாலு பேருக்குப் புத்தி சொல்கிற ஸ்தானத்தில் இருக்கிறவர்களும் இந்தச் சொல்லை எடுத்து வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை. கௌரவம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் கனவு என்று சொல்கிறார்கள். ஜம்பம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆகவே லட்சியம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனாருக்கு மல்லாட்டை வியாபாரம். மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பையன் சில வருஷங்கள் வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவன். அந்தச் சம்பாத்தியத்தில் அவன் செய்த முதல் காரியம், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியது. சிவப்பு நிறம், இரண்டே ஆசனம். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இலவச விளம்பரம் எதற்கு? அந்தக் காரின் வயிறு தரையோடு தரையாக இருக்கும். ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது முனகுகிற சத்தம் கேட்டு, கடைக்காரர்கள் வெளியே வந்து பரிதாபப்படுவார்கள். உள்ளூர் மெக்கானிக் அதைத் தொடப் பயந்தான். ஒரு சின்ன ரிப்பேர் என்றாலும் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இப்போது அவன் தகப்பனாரின் வியாபாரத்தைக் கவனிக்கிறான். கிராமம் கிராமமாகச் சென்று மூட்டை எடுக்க வேண்டும். விழுப்புரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி. வாடகை வண்டி வராத நாளில் மூட்டை கிராமத்திலேயே கிடக்கும், விலை இறங்கும். ஆகவே அந்தக் காரைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கடன் வாங்கி, சிறிய லோடு வண்டி ஒன்று வாங்குவது என்று அவன் தீர்மானித்தான்.

அவ்வளவுதான், விழுப்புரத்திலிருந்து அவனுடைய தாய்மாமன் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"சார், நீங்க எழுதுறவரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். பையன் தன் கனவையே விக்கப் போறான்" என்றார்.

"கனவை யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டேன்.

"விளையாடாதீங்க சார். காரைக் கொடுத்துட்டு குட்டி யானை வாங்கப் போறானாம். பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மாப்பிள்ளை லோடு அடிக்கிறாருன்னா சொல்றது?"

வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் கனவு; அடுத்த மூச்சில் பெண் வீடு. அந்தக் கார் யாருடைய கனவு என்பது இதற்குள் வெளிச்சமாகிவிட்டது. பையன் ஓட்டினான், கனவு கண்டவர் மாமன்.

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று விசாரித்தேன். அதை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை என்று தெரிந்தது. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

பையனிடமும் பேசினேன். ஏன் விற்கிறாய் என்று கேட்டதற்கு அவன் வரவு செலவுக் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. "சார், அந்தக் காரை ஓட்டிக்கிட்டுப் போகும்போது யாராவது பாக்குறாங்களான்னுதான் நான் பாத்துக்கிட்டிருக்கேன். ரோட்டைப் பாக்கவே இல்லை" என்றான். நான் அவனுக்குப் புத்தி சொல்லப் போனவன். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவன் மாமனுக்கும், அவரைப் போன்றவர்களுக்கும்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுமை ஏற்றுகிற வண்டி தாழ்ந்தது, சுமை ஏற்றாத வண்டி உயர்ந்தது என்ற இந்தச் சாஸ்திரம் எங்கிருந்து வந்தது? மனிதர்களுக்கு வைத்திருந்த பழைய சாஸ்திரத்தையே சக்கரங்களுக்கும் வைத்துவிட்டோம். மூட்டை தூக்குகிறவன் கீழே, மூட்டைக்குச் சொந்தக்காரன் மேலே, எதையும் தூக்காமல் திண்ணையில் சாய்ந்திருப்பவன் எல்லோருக்கும் மேலே! பல்லக்கு ஒழிந்துவிட்டது, பல்லக்கில் உட்கார்ந்திருந்த மனசு ஒழியவில்லை.

பழம்பெருமை பேசாவிட்டால் நம்மவர்களுக்குக் காது கேட்காது. ஆகையால் பழம்பெருமையிலிருந்தே சொல்கிறேன். இன்று திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கும் கிடங்கில், ஒரு காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, பாடியவர் நத்தத்தனார். யாழோடு வந்த பாணனுக்கு நல்லியக்கோடன் என்ன கொடுத்தான்? தேரைக் கொடுத்தான், இழுக்கிற காளையையும் ஓட்டுகிற பாகனையும் சேர்த்தே கொடுத்தான். முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியையும் அதே பாட்டு சொல்கிறது. தேர்தான் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். அதைக் கொடுத்ததால் அவர்கள் பெயர் நின்றது. வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்த எந்த மன்னனையும் எந்தப் புலவரும் பாடியதாக நான் படித்ததில்லை.

அதே பாட்டில் உப்பு வணிகர்களாகிய உமணரின் வண்டி வரிசையும் வருகிறது. அதில் வரும் எயிற்பட்டினம்தான் இன்று உப்பளங்கள் இருக்கும் மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். புறநானூற்றில் ஔவையார் இன்னும் துணிச்சலாக ஒரு காரியம் செய்தார். அதியமானின் மகனைப் புகழ வேண்டும். உமணர் தங்கள் உப்பு வண்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் உபரி அச்சுக்கு அவனை ஒப்பிட்டார். பாதி வழியில் அச்சு முறிந்தால் உதவுகிறவன் என்று அர்த்தம். ராஜகுமாரனை லோடு வண்டியின் ஸ்பேர் பார்ட்டுக்கு ஒப்பிட்டால் அந்தக் காலத்தில் அது புகழ்ச்சி. இன்று விழுப்புரத்தில் யாராவது ஒரு மாப்பிள்ளையை அப்படிச் சொன்னால் சம்பந்தமே முறிந்துவிடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மாமன் கேலியாகச் சொன்னாரே குட்டி யானை என்று, அந்த டாடா ஏஸ் 2005-ம் வருஷம் விற்பனைக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் கார் எஞ்சினில் நான்கு சிலிண்டர். அதைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டர் எஞ்சினாக இதில் பொருத்தினார்கள். வண்டியை வடிவமைப்பதற்கு முன்னால் மூன்று சக்கர லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்கள். அவர்களில் ஓர் இளைஞன் சொன்ன பதில் பத்திரிகைகளில் வந்தது: நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் தனக்குப் பெண் கிடைப்பது சுலபமாகும் என்றானாம்!

கல்யாணச் சந்தையின் விசித்திரத்தைப் பாருங்கள். மூன்று சக்கரக்காரனுக்கு எது மாப்பிள்ளை வேஷமோ, அதுவே காரில் போகிறவனுக்கு அவமானமாகிவிடுகிறது. வண்டி ஒன்றுதான். பார்க்கிறவன் எந்தப் படியில் நின்று பார்க்கிறான் என்பதுதான் வித்தியாசம். இப்படிப் படிக்குப் படி மாறுகிற ஒன்றை நம்பி ஒருவன் தன் பிழைப்பைத் தீர்மானிக்க வேண்டுமா?

"அப்படியானால் கார் மேல் ஆசைப்படுவதே தப்பு என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோஷ்டி, "சரியாகச் சொன்னீர்கள்! பிரயோஜனமில்லாத பொருள் எதற்கு?" என்று என்னைத் தட்டிக்கொடுக்க வந்து நிற்கும். அந்தத் தட்டல் எனக்கு வேண்டாம். பிரயோஜனம் ஒன்றையே தராசாக வைத்தால் வாசலில் கோலம் எதற்கு, கோயிலில் நாதஸ்வரம் எதற்கு, இந்தக் கட்டுரைதான் எதற்கு? ஆசையே இல்லாதவன் நல்ல லோடு வண்டியும் ஓட்ட மாட்டான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், ஆசை பற்றிக்கொண்டது. ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடியும் பூட்டினார். அதற்குப் பிறகு, 1920-ல், ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். மோட்டார் சைக்கிள் கனவு, பஸ் பிழைப்பு என்று அவரிடம் யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இரண்டிலும் அவர் கை எண்ணெயில் இருந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்தது. அங்கே உயிரைப் பணயம் வைத்துக் கார் ஓட்டினவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. வேகத்துக்கு உரிய இடத்துக்குப் போய் அதைத் தேடினார்கள். வேகத்தடைக்கு வேகத்தடை முனகிக்கொண்டு, வயசுக்கு வந்த பிள்ளையின் ஜாதகத்தைப் போல வாசலில் நிற்கிற காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உலகம் முழுவதும் இளைஞர்கள் உச்சரிக்கிற பெயர் லம்போர்கினி. அந்த இத்தாலியர் ஃபெருச்சியோ லம்போர்கினி முதலில் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாவது மகா யுத்தத்தில் மிஞ்சிப்போன ராணுவ வண்டிகளின் பாகங்களைக் கொண்டு குடியானவர்களுக்கு டிராக்டர் செய்தார். 1948-ல் டிராக்டர் கம்பெனி. 1963-ல்தான் கார் கம்பெனி. பதினைந்து வருஷம் சேற்றில் உழுத சம்பாத்தியத்தில் பிறந்தது அந்தப் பளபளப்பு. 1970-களின் முற்பகுதியில் அவர் இரண்டு தொழிலையுமே விற்றுவிட்டு, திராட்சை பயிரிடப் போய்விட்டார். லம்போர்கினியே லம்போர்கினியை விற்றிருக்கிறார். திண்டிவனத்துப் பையன் ஒரு பழைய காரை விற்றால் குலம் கெட்டுவிடுமா?

லோடு வண்டி வாங்கிவிட்டால் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நடு இரவில், மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு, கண் எரிய ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விக்கிரவாண்டியில் சுங்கம், அதிகச் சுமைக்கு அபராதம், மழைக்காலத்தில் சரக்கு இல்லை, தவணை மட்டும் தவறாமல் வரும். கோடையில் சாலையோரம் மலை மலையாகக் குவிகிற தர்பூசணி வெயிலோடு முடிந்துவிடும். வண்டிக்காரன் அடுத்த லோடுக்காக மரத்தடியில் காத்துக் கிடப்பான். இத்தனையும் தெரிந்துதான் அந்தப் பையன் முடிவெடுத்திருக்கிறான். அவன் கஷ்டத்தைக் காட்டி யாராவது தடுத்திருந்தால் நான் மரியாதையோடு கேட்டிருப்பேன். ஒருவரும் கஷ்டத்தைப் பேசவில்லை. எல்லோரும் 'பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்' என்பதைத்தான் பேசினார்கள்.

கார் வைத்திருக்கும் வாசகர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைத் தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்: ஊரில் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓட்ட வேண்டும் என்றால் இதை வாங்கியிருப்பேனா? ஆம் என்று பதில் வந்தால் அது உங்கள் கனவுதான். கடன் வாங்காமல் முடியுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தால், உங்கள் பணத்தில் அடுத்தவன் கண்ணுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

விழுப்புரத்துப் பெண் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளையின் வண்டியைப் பற்றி நீங்கள் விசாரிக்க வேண்டியதுதான். விசாரிக்காமல் பெண் கொடுக்காதீர்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கடன் எவ்வளவு, யார் பெயரில்? மாதத்தில் எத்தனை நாள் சரக்குக் கிடைக்கும்? அளவுக்கு மேல் ஏற்றச் சொன்னால் முடியாது என்று சொல்லத் தெரியுமா? ராத்திரி ஓட்டுவதற்கு முன்னால் பகலில் தூங்குகிற வழக்கம் உண்டா? இந்த நாலுக்கும் அவன் நேராகப் பதில் சொன்னால், அதை உங்கள் பெண்ணிடம் சொல்லி, அவள் இஷ்டத்தைக் கேளுங்கள். வாசலில் நிற்கிற வண்டி என்ன நிறம் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.